லோஷன் கிட் வாங்குகிறவர்கள் முதலில் அதில் வரும் மெழுகைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள்

வீட்டிலேயே லோஷன் செய்யலாம் என்று ஆன்லைனில் ஒரு கிட் வாங்கி நன்றாக ஏமாந்தேன். பணம் போனதை மறந்துவிடுவேன். அம்மாவின் கால் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு ரொம்ப வறண்ட சருமம். முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில் உரியும், சொறிந்தால் கோடு கோடாக வெடிக்கும். வாசனை போட்ட லோஷன் எதைத் தடவினாலும் எரிகிறது என்பார். அந்தச் சமயத்தில்தான் "துளியும் கெமிக்கல் இல்லை, அரை மணி நேரத்தில் நீங்களே செய்யலாம்" என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. ரிவ்யூக்கள் எல்லாம் ஐந்து ஸ்டார். ஒவ்வொன்றிலும் பளிச்சென்று ஒரு பாட்டில் படம்.

பெட்டியில் ஒரு எண்ணெய், கற்றாழைப் பொடி, லாவெண்டர் எண்ணெய், 'எமல்சிஃபையிங் வேக்ஸ்' (எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிற மெழுகு) என்று லேபிள் ஒட்டிய பாக்கெட்டில் மஞ்சள் மணிகள், 'இயற்கை ப்ரிசர்வேட்டிவ்' (கெட்டுப்போகாமல் காப்பது) என்று ஒரு குட்டிக் குப்பி. அளவெல்லாம் ஸ்பூன் கணக்கு. மூன்று மாதம் வெளியிலேயே வைக்கலாம் என்று துண்டுச் சீட்டில் போட்டிருந்தது.

செய்த அன்று அருமையாக வந்தது, அதை மறைக்க மாட்டேன். பிளெண்டர் சுற்றச் சுற்ற வெள்ளை வெளேரென்று திரண்டது. சந்தோஷத்தில் போட்டோ எடுத்து விற்றவருக்கே அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தனியாக நின்றது. கேட்டதற்கு, "நீங்க சரியா அடிக்கல மேடம், குலுக்கிட்டு யூஸ் பண்ணுங்க" என்றார்கள். சரி, தப்பு நம்முடையதுதான் போல என்று குலுக்கிக் குலுக்கிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் மூடியைத் திருகினால் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை. பாட்டில் வாயைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் புள்ளிகள். அதற்குள் அம்மா காலையில் தடவி முடித்திருந்தார்.

இரண்டு நாளில் கெண்டைக்காலில் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம், நடுவில் சீழ். மயிர்க்கால்களில் தொற்று என்றார் டாக்டர். லோஷன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வெடிப்பு விட்ட தோலில் இப்படி ஒன்றைத் தடவவே கூடாது என்றார். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பாக்டீரியா பெருகியிருக்கலாமாம். அப்படியென்றால் நான் குலுக்கிக் கொடுத்த ஒவ்வொரு நாளும் சந்தேகத்துக்குரிய நாள்தான்.

அதன் பிறகுதான் அந்தப் பாக்கெட்டையே உட்கார்ந்து ஆராய்ந்தேன். சோப்பு செய்கிற தோழி ஒருத்தி தன்னிடம் இருந்த அசல் எமல்சிஃபையிங் வேக்ஸில் கொஞ்சம் கொடுத்தாள். இரண்டு கண்ணாடி டம்ளரில் நல்ல சுடுதண்ணீர் ஊற்றி, ஒன்றில் அவளுடையது, இன்னொன்றில் என்னுடையது. அவளுடையது உருகி, கலக்கியதும் தண்ணீர் முழுவதும் பால் மாதிரி வெளுத்துவிட்டது. என்னுடையது மஞ்சள் வட்டம் வட்டமாக மிதந்தது, கலக்கினாலும் ஒட்டவில்லை. ஆறியதும் மேலே காசு மாதிரி ஒரு வில்லை உறைந்து நின்றது. எடுத்து முகர்ந்தால் சாட்சாத் தேன்மெழுகு!

எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் நிற்க எமல்சிஃபையர் வேண்டும். அந்தப் பெயரில் விற்கிற வேக்ஸில் பெரும்பாலும் செட்டியரில் ஆல்கஹாலும் பாலிசார்பேட் 60-ம் இருக்கும். தேன்மெழுகு போராக்ஸோடு (வெங்காரம்) சேர்ந்தால் பிடிக்கும், பழைய கோல்டு (cold) கிரீம் அப்படிச் செய்ததுதான். தனியாக விட்டால் இரண்டு மூன்று நாளில் கைவிட்டுவிடும். நான் எத்தனை மணி நேரம் அடித்திருந்தாலும் இதே கதிதான்.

அடுத்து அந்தக் குட்டிக் குப்பி. உள்ளே என்ன என்று நாலு முறை கேட்டேன். மூன்று முறை "எங்க சீக்ரெட் ஃபார்முலா மேடம்" என்று பதில். நாலாவது முறை 'டோகோபெரால்' என்று ஒரே ஒரு சொல். அதாவது வைட்டமின் ஈ. எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் கொஞ்ச நாள் காக்கும், அவ்வளவுதான். தண்ணீரில் வளரும் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அது தடுக்காது. கற்றாழைப் பொடி கரைத்த தண்ணீர் அவற்றுக்கு விருந்து. (வைட்டமின் ஈ-யும் கெமிக்கல்தான், தண்ணீரும் கெமிக்கல்தான். அந்த வார்த்தைக்கு மயங்கியது என் தப்பு.)

லாவெண்டர் எண்ணெயையும் விடக்கூடாது. 100 மில்லிக்கு 60 சொட்டு விடச் சொல்லியிருந்தார்கள். 20 சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி, ஆக மூன்று சதவீதம். கழுவாமல் தோலிலேயே இருக்கப்போகிற லோஷனுக்கு ஒரு சதவீதமே தாராளம். எரிகிறது என்று அம்மா சொன்னபோது, இயற்கைப் பொருள் ஆயிற்றே என்று நான் காதில் வாங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சீல் உடைத்ததை எடுக்க மாட்டோம் என்றார்கள். சீல் உடைக்காமல் லோஷனை எப்படிச் செய்வது என்று கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்கள்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் பணம் கட்டும் முன் மெழுகுக்கும் ப்ரிசர்வேட்டிவுக்கும் முழுப் பெயரை எழுத்தில் வாங்குங்கள். ப்ரிசர்வேட்டிவ் என்றால் ஃபினாக்ஸிஎத்தனால் மாதிரி ஒரு பெயர் வரவேண்டும். எடையில் எத்தனை சதவீதம், எந்தச் சூட்டில் சேர்க்க வேண்டும் என்பதும் வரவேண்டும். ஃபினாக்ஸிஎத்தனாலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் உச்சவரம்பு ஒரு சதவீதம். அதை ஸ்பூனால் அளக்க முடியாது, கிராமுக்குக் கீழேயும் காட்டுகிற தராசு வேண்டும். தராசைப் பற்றிப் பேச்சே எடுக்காத கிட் என்றால் அங்கேயே மூடிவிடுங்கள்.

இவ்வளவு வம்பு வேண்டாம் என்றால் தண்ணீரே சேராத தைலம் செய்யலாம். ஒரு பங்கு தேன்மெழுகு, நான்கைந்து பங்கு எண்ணெய், எடைக் கணக்கில். தண்ணீர் இல்லாததால் ப்ரிசர்வேட்டிவ் தேவையில்லை, ஈர விரலை மட்டும் விடக்கூடாது. அம்மாவோ இனி எந்தச் சோதனைக்கும் காலை நீட்ட மாட்டேன் என்கிறார். குளித்ததும் ஈரத்தை ஒற்றிவிட்டு, தோல் காய்வதற்குள் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. செதில் குறைந்திருக்கிறது. மிச்சமிருந்த மஞ்சள் மணிகளை இறுகிப்போன ஜிப்புகளுக்குத் தேய்த்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் அனுப்பினேனே ஒரு போட்டோ, அதை அவர்கள் ரிவ்யூ பகுதியில் போட்டிருக்கிறார்கள், ஐந்து ஸ்டாரோடு. வேறு நம்பரிலிருந்து இரண்டு முறை எடுக்கச் சொல்லிவிட்டேன், எடுக்கவில்லை. நீல விரிப்பின் மேல் வெள்ளைப் பாட்டில், மூடி கொஞ்சம் கோணலாக இருக்கும். அதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.