டொராண்டோ – சென்னை: எந்த வழியாகப் போகலாம்?

டொராண்டோவிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டு வான்தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்ததால், டிக்கெட் எடுக்கும் முன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

லண்டன் வழியாகப் போனால் 5,700, அங்கிருந்து 8,200. மொத்தம் 13,900. துபாய் வழியாக 14,000. டெல்லி வழிதான் எனக்கு ஆச்சரியம்: கூட்டினால் அதே 13,400 வருகிறது. உருண்டையான பூமியில் டொராண்டோ – சென்னை நேர்வழி கிரீன்லாந்துப் பக்கம் ஏறி, ரஷ்யாவையும் மத்திய ஆசியாவையும் தாண்டி இறங்குகிறது. டெல்லி கிட்டத்தட்ட அந்தப் பாதையிலேயே இருக்கிறது. ஆனால் 2022 முதல் கனடா விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடியிருப்பதால் அவை சுற்றித்தான் போகின்றன.

எப்படிப் பார்த்தாலும் 600 கிலோமீட்டர்தான் வித்தியாசம். விமானத்துக்கு அது முக்கால் மணி நேர வேலை. பறக்கும் நேரம் எந்த வழியிலும் 17 மணியை ஒட்டித்தான் வரும். மீதியெல்லாம் இடையில் காத்திருப்பது. பயணம் நல்லபடியாக அமைவது அதைப் பொறுத்துத்தான்.

நாங்கள் வளைகுடா வழியாகப் போனோம். சக்கர நாற்காலிக்கு டிக்கெட்டோடு சேர்த்தே சொல்லியிருந்தேன். விமானக் கதவருகிலேயே ஒரு தம்பி காத்திருந்து, அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துவிட்டு, லிஃப்ட், பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றையும் தனி வரிசையில் முடித்துக் கொடுத்தார். அருமையான சேவை. அப்புறம் எங்களை ஓர் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனவர்தான், போர்டிங் ஆரம்பித்தும் வரவில்லை. நான் கவுண்ட்டருக்குப் போய்க் கேட்ட பிறகுதான் வேறொருவரை அனுப்பினார்கள். இடைவெளி மூன்று மணி நேரம் இருந்ததால் தப்பித்தோம். வயதானவர்களோடு போகிறவர்கள் தயவுசெய்து ஒன்றரை மணி நேர இணைப்பை எடுக்காதீர்கள்.

டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். டொராண்டோவைவிடச் சென்னை நேரம் கோடையில் ஒன்பதரை மணி முன்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி. அழைத்துப்போக வருகிறவர்களிடம் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரும்பும்போது எதிர்க்காற்று, வளைகுடாவிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகும்.

சென்னையில் 2025 ஜனவரி முதல் விரைவுக் குடிவரவு வாயில்கள் இருக்கின்றன. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்காரர்களும் முன்கூட்டியே ஆன்லைனில் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் இரவு 11 மணிக்கு மேல் ரயில் இல்லை. வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் இறங்குகின்றன, அதனால் காருக்கு முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.