அக்கா மகளின் விண்ணப்பமும் என் முப்பது நாள் லீவும்

மே மாதக் கடைசியில் முப்பது நாள் லீவில் ஊருக்குப் போனேன். மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து ஆரியங்காவு வழியாகத் தென்காசி. கார் செங்கோட்டை தாண்டுவதற்குள் அக்காவிடமிருந்து மூன்று போன். "பிள்ளைக்கு இன்ஜினியரிங் அப்ளிகேஷன் போட்டாச்சுடா. சரியாப் போட்டிருக்கானு நீ ஒரு தடவ பாத்துரு." அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். லீவில் பாதி அதிலேயே போயிற்று. வெளிநாட்டில் இருந்துகொண்டு அக்கா, தங்கை பிள்ளைகளுக்கு இதே வேலையைப் பார்க்கிற மாமாக்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் பிளஸ் டூ முடித்தது 2000-இல். பரீட்சை 1200 மதிப்பெண்ணுக்கு, அது போக நுழைவுத் தேர்வு, இரண்டையும் சேர்த்துத் தரவரிசைக்குப் போடும் கட் ஆஃப் 300-க்கு. அப்பாவும் நானும் டிடி எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் கலந்தாய்வுக்குச் சென்னை போனோம். அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்திருந்து, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையைப் பார்த்துப் பார்த்து அப்பா ஒரு பேருந்து டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டிருந்தார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தபோது அந்தக் குறிப்பில் இருந்த முதல் மூன்றும் போயிருந்தன. இருந்ததில் ஒன்றைச் சொன்னேன், வெளியே வந்துவிட்டோம். அவ்வளவுதான்.

அந்த நுழைவுத் தேர்வை 2006-இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். 2018-லிருந்து கலந்தாய்வே இணையத்தில் நடக்கிறது. 2019-லிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. சென்னைக்கு யாரும் பெட்டி கட்ட வேண்டாம். கட் ஆஃப் கணக்கும் எளிது: கணிதம் நூற்றுக்கு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கி ஐம்பது ஐம்பது, மொத்தம் 200. அக்கா மகள் கணிதத்தில் 86, இயற்பியலில் 84, வேதியியலில் 88. அப்படியென்றால் 86-உம் 42-உம் 44-உம் சேர்ந்து 172. இந்த மூன்று பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்பதால் தகுதியில் சிக்கல் ஒன்றும் இல்லை.

வந்த அன்று ராத்திரி, "லாகின் பண்ணு, பாப்போம்" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான், "பாஸ்வேர்டு பிரவுசிங் சென்டர் தம்பிட்ட இருக்கும் மாப்ள" என்றார்.

மறுநாள் காலையில் அந்த சென்டருக்குப் போனோம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர். பையன் நல்லவன்தான், சுறுசுறுப்பானவன். எங்களைப் பார்த்ததும் மேஜை டிராயரைத் திறந்து ஒரு நீளமான கோடு போட்ட நோட்டை எடுத்தான். பக்கம் பக்கமாகப் பிள்ளைகளின் பெயர், அப்பா பெயர், விண்ணப்ப எண், பாஸ்வேர்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்டு. பெயருக்குப் பின்னால் ஒரு குறி, கூடவே 123. செல்போன் எண் என்ற இடத்திலும் எல்லாருக்கும் ஒரே எண்: அவனுடையது. மின்னஞ்சலும் அவனுடைய கணக்குகள்தான். "இவங்க போன்ல ஓடிபி வந்தா பாத்துச் சொல்ல லேட் ஆகுதுண்ணே. அதான் நம்ம நம்பரையே போட்டுர்றது. மெசேஜ் வந்தா நானே சொல்லிருவேன்" என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் செய்ததாகத் தோன்றவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ரேண்டம் எண் (ஒரே கட் ஆஃப் உள்ளவர்களில் யார் முன்னால் என்று பார்க்கக் கொடுப்பது) வருவது, சான்றிதழில் குறை இருக்கிறது என்று சொல்வது, தரவரிசை வருவது, எந்தத் தேதிக்குள் கல்லூரிப் பட்டியலைப் பதிய வேண்டும் என்பது, கடைசியில் எந்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது வரை எல்லாமே அந்த எண்ணுக்குத்தான் வரும். அவனுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் நாற்பது பிள்ளைகளின் கதை அந்த டிராயருக்குள் கிடக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அக்கா என் கையைப் பிடித்து, "ஊர்க்காரப் பிள்ளடா, சத்தம் போடாத" என்றாள்.

அந்த எண்ணை மாற்றுவதற்கு, கலந்தாய்வுக்காக அரசு வைத்திருக்கும் மாணவர் உதவி மையத்துக்குப் போனோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அரசு இடம் என்றாலே ஒரு மனக்கசப்போடுதான் படியேறுவேன். நாங்கள் போன மையத்தில் அதற்கு வேலையே இல்லை. பெஞ்சில் பத்துப் பேர், மண்பானையில் தண்ணீர், அரை மணி நேரத்தில் முறை வந்தது. ஒரு ஆசிரியை உட்கார்ந்திருந்தார். எங்களிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அக்கா மகளைப் பார்த்தே பேசினார். "உன் நம்பரைச் சொல்லும்மா. இது உன்கிட்டதான இருக்கும்? அண்ணன் எடுத்துட்டுப் போயிர மாட்டானே?" புதிய எண் ஏறியது, பாஸ்வேர்டை அவளே அடித்தாள். அதே கையோடு சான்றிதழ்களையும் பார்த்து, மதிப்பெண் சான்று ஸ்கேன் மங்கலாக இருக்கிறது, மறுபடி ஏற்றச் சொல்லி அனுப்பினார். எல்லாரும் நேரில் போக வேண்டிய கட்டாயம் இல்லை, வீட்டிலிருந்தே ஏற்றலாம், சரிபார்ப்பை அவர்கள் உள்ளே செய்துகொள்வார்கள். ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் காசு கொடுத்து வெளியே போவதற்குப் பதில் முதலிலேயே இந்த மையத்துக்குப் போகலாம். அதுவும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அடுத்தது முதல் பட்டதாரிச் சான்றிதழ். அத்தான் ஐ.டி.ஐ., அக்கா பத்தாம் வகுப்பு, அண்ணன்காரன் பிளஸ் டூவோடு ஒர்க் ஷாப்புக்குப் போய்விட்டான், தாத்தா பாட்டி வரையில் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. இருந்தும் இந்தச் சான்றிதழுக்கே விண்ணப்பிக்கவில்லை. காரணம் கேட்டால் நான்! "மாமன் இன்ஜினியரா இருந்தா கெடைக்காதுல்லா" என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார். மாமனெல்லாம் கணக்கில் வரமாட்டான். குடும்பம் என்றால் பெற்றோர், கூடப்பிறந்தவர், தாத்தா பாட்டி, அவ்வளவுதான். இந்தச் சான்று இருந்தால் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. நாலு வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் அது சின்னத் தொகை இல்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாலுகா ஆபீஸ் என்று விண்ணப்பம் நகர நகரப் போனில் தகவல் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். அண்ணனுடைய மாற்றுச் சான்றிதழை வைக்காததுதான் காரணம். வைத்ததும் வந்துவிட்டது. என் காலத்தில் வருமானச் சான்றுக்கு அப்பா தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். அதை அக்காவுக்கு ஞாபகப்படுத்தினேன். "ஆமா, மூணாவது நாள் செருப்பும் தொலஞ்சுது" என்றாள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இவளுக்குக் கிடையாது. இவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் சென்டர் பையன் 'ஆம்' என்று தட்டியிருந்தான்! உதவி மையத்து ஆசிரியைதான் கவனித்துத் திருத்தினார்.

பெயர் விஷயம் கொஞ்சம். பிளஸ் டூ சான்றிதழில் முன்னெழுத்தோடு பெயர், ஆதாரில் முன்னெழுத்தே இல்லை, வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக. விண்ணப்பத்தில் மதிப்பெண் சான்றில் உள்ளபடி போட வேண்டும். பாஸ்போர்ட்டில் இதே முன்னெழுத்தால் அடிபட்டவன் என்பதால், மற்றதையும் இப்போதே சரிசெய்து வைக்கச் சொன்னேன். செய்தார்களா, தெரியாது.

இந்தக் கலந்தாய்வுக்கு ஒற்றைச் சாளரம் என்று பெயர் இருந்தாலும் சாளரங்கள் பல. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வேறு இணையதளம், வேளாண்மைக்கு வேறு, கால்நடை மருத்துவத்துக்கு வேறு, சட்டத்துக்கு வேறு. கலை அறிவியலுக்கு விண்ணப்பமும் பதிவும் சேர்த்து 50 ரூபாய்தான் என்பதால் இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் ஒன்று போட்டு வைத்தோம். கையில் ஒன்று இருக்கட்டும் என்று.

என் மகன் மஸ்கட்டில் பதினொன்றாம் வகுப்பு. அவனுக்காகவும் விசாரித்தேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கான விண்ணப்பமும் தனி. வெளிநாட்டுக்காரர்கள் பலர் பொதுக் கலந்தாய்வில் பதிந்துவிட்டு அது தானாக வரும் என்று காத்திருக்கிறார்கள். வராது.

இனி, தனியார் கல்லூரிகளில் சீட்டு வாங்கித் தருகிறோம் என்று வரும் போன்கள். அக்கா வீட்டு எண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு வரும். எங்கிருந்து எண் கிடைத்தது என்றால் பதில் இல்லை. "சார், கம்ப்யூட்டர் சயின்ஸில் இரண்டே சீட்டுதான் இருக்கு, இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா பிளாக் பண்ணிரலாம்." ஒருவர் சொன்ன கல்லூரியின் பெயரைப் போன வருடக் கலந்தாய்வுப் பட்டியலில் தேடினேன். 172 அல்ல, அதைவிட எவ்வளவோ கீழே உள்ளவர்களுக்கும் அதே பாடம் கிடைத்திருந்தது. சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தைக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. சிறுபான்மையினர் நடத்துபவை 50. வாசலில் வைத்திருக்கும் பொருளைப் பின்கட்டில் கூடுதல் விலைக்கு விற்கிற கதைதான். அத்தான் கொஞ்சம் ஆடிப்போயிருந்தார். அந்தப் பட்டியலைக் காட்டிய பிறகுதான் அடங்கினார்.

லீவு முடிந்து ஜூன் கடைசியில் கிளம்பிவிட்டேன். கல்லூரிப் பட்டியல் போடும் வேலை ஜூலையில் போனிலேயே நடந்தது. கட் ஆஃப் வரிசைப்படி சுற்றுச் சுற்றாகக் கூப்பிடுவார்கள்; 172 என்பதால் இரண்டாவது சுற்று. அங்கே ராத்திரி ஒன்பதரை என்றால் எனக்கு எட்டு மணி; அப்போதுதான் சைட்டிலிருந்து வந்திருப்பேன். மொத்த விஷயமும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். நம் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். எனவே கிடைக்காது என்று தோன்றுவதை மேலே போட்டாலும் நஷ்டமில்லை. இதை ஊரில் நம்ப வைக்கவே முடியவில்லை. "பெரிய காலேஜ முதல்ல போட்டா உள்ளதும் போயிரும்" என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில்: ஐந்தாறு மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவது, அல்லது பிடிக்காத ஒன்றைப் பிடித்ததற்கு மேலே வைப்பது.

கல்லூரிப் பெயரை நம்பாதீர்கள், குறியீட்டு எண்ணைப் பாருங்கள். 1 என்றால் கிண்டி, 4 என்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மற்ற இடங்களில் ஒரே அறக்கட்டளை ஒரே வளாகத்தில் மூன்று கல்லூரி வைத்திருக்கும்; பெயரில் ஒரு சொல்தான் வேறாக இருக்கும். முந்தைய ஆண்டுகளில் எந்தப் பிரிவினருக்கு எந்த மதிப்பெண்ணில் எந்த இடம் முடிந்தது என்று அரசு தளத்திலேயே இருக்கிறது. அதை வைத்து நான் எக்ஸெல்லில் ஒரு பட்டியல் செய்து அனுப்பினேன். 58 வரிசை. மேலே முழுக்கக் கம்ப்யூட்டர் சயின்ஸ். பெருமையாக இருந்தது, சொல்லாமல் என்ன.

தற்காலிக ஒதுக்கீடு வந்த அன்று காலையில் அவளே கூப்பிட்டாள். "மாமா, நெல்லை அரசுக் காலேஜ், ட்ரிபிள் ஈ."

என் பட்டியலில் அந்த எலக்ட்ரிகல் படிப்பு நாற்பதுக்கும் கீழே இருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அதற்கு மேலே எத்தனையோ கல்லூரி. எப்படி இதற்கு வந்தது என்று கேட்டேன்.

"கடைசி நாள் ராத்திரி நான் மாத்திட்டேன் மாமா. அதை நாலாவதா வச்சேன்."

"யாரைக் கேட்டு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எனக்குக் கோடிங் பிடிக்கல. அண்ணன் ஒர்க் ஷாப்ல மோட்டார் கட்டும்போது கூட இருந்து பாப்பேன், அது பிடிச்சிருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா வேண்டாம்பீங்கன்னு..."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு நிமிடம் பேசவே தோன்றவில்லை. பிறகு, அடுத்து என்ன செய்ய வேண்டும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். இந்த இடத்தை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருந்தால் பணத்தைக் கல்லூரியில் கட்டக்கூடாது, உதவி மையத்தில் கட்ட வேண்டும். வேண்டாமென்று விட்டுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் நிற்கவும் செய்யலாம், ஆனால் அதற்குத் தைரியம் வேண்டும். உறுதிசெய்ய இரண்டு நாள்தான் அவகாசம். ஒன்று விடாமல் சொன்னாள்.

"சரி, எதை எடுக்கப் போற?"

"முதல்ல உள்ளதை அமுக்கிட்டேன் மாமா. காலைலயே."