கஸ்தூரியார் வீதி வயர் கமரா: விமான எஞ்சினுக்குள் பார்க்க உதவுமா?

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஐயாயிரம் ரூபாவுக்குக் கிட்ட யாழ்ப்பாணத்தில் கிடைக்கிற இந்த வயர் கமரா (நீள வயரின் நுனியில் சின்னக் கமரா, படம் போனில் தெரியும்), எஞ்சின் படிக்கிற பிள்ளையளுக்கு நல்ல சாமான். ஆனால் இதில் பார்த்ததை வைத்து ஒரு விமானத்தைப் பறக்க விடலாம் என்று ஒருவரும் கையெழுத்து வைக்கக்கூடாது.

நான் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்தில் சின்ன விமானங்களோடு வேலை செய்கிறவன். செஸ்னா 152, 172 போன்ற பிஸ்ரன் எஞ்சின் (கார் எஞ்சின் மாதிரி, சிலிண்டருக்குள் பிஸ்ரன் போய்வருகிற எஞ்சின்) விமானங்கள்தான் என் உலகம். சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வருகிற ஏரிஆர் விமானம் வேறு சாதி, அதில் ரேபைன் (டர்பைன்) எஞ்சின். லீவில் ஊருக்கு வந்தால், "அண்ணை, விமான எஞ்சின் படிக்கிறதுக்கு என்ன சாமான் வாங்கலாம்?" என்று கேட்கிற பெடியள் இப்போது கூடிவிட்டார்கள். இது அவர்களுக்காக.

கஸ்தூரியார் வீதியில் போன் சாமான் விற்கிற கடையொன்றில் வாங்கினேன். தலை 8 மில்லிமீற்றர் தடிப்பு. முன்னுக்கு ஒரு லென்ஸ், பக்கத்தில் இன்னொன்று, சுற்றிவர சின்ன லைற்றுகள். பெட்டிக்குள் கமராத் தலையில் கொழுவுகிற சின்ன முகக்கண்ணாடி, கொக்கி, காந்தம் எல்லாம் கிடந்தன. "தண்ணிக் குழாய் அடைப்புப் பாக்கத்தான் சனம் வாங்குது அண்ணை" என்றார் கடைத் தம்பி. வைஃபை மொடலும் காட்டினார். படம் பிந்தி வருகிறது, அதனால் போனில் நேரே குத்துகிற மொடலையே எடுத்தேன்.

முதல் சோதனை சுன்னாகத்தில், மச்சானின் கராஜில், ஒரு பழைய மொறிஸ் மைனரில். போர்க் காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது, பெற்றோலைத் துளியாக விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களை எங்கள் ஆக்கள் மறக்கமாட்டார்கள். பிஸ்ரன் தலையில் அப்பியிருந்த கரியைப் போனில் பார்த்துவிட்டு மச்சான், "மண்ணெண்ணெய் குடிச்ச வயிறெல்லே!" என்றான். கார் எஞ்சின் அந்தக் கொடுமையைத் தாங்கும், ஏனென்றால் றோட்டில் அது பெரும்பாலும் முழுப் பலத்தோடு வேலை செய்வதில்லை. விமான எஞ்சின் முக்கால் பங்கு பலத்தில் மணிக்கணக்காக ஓடும். தரம் குறைந்த எரிபொருள் சீராக எரியாமல் வெடித்து உள்ளே இடி விழத் தொடங்கினால் பிஸ்ரனே உருகும். நீல நிறச் சாயம் போட்ட 100எல்எல் என்கிற விமானப் பெற்றோலைத்தான் ஊற்ற வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

சரி, விமானத்துக்கு வருவோம். நெருப்புப்பொறி அடிக்கிற பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையால்தான் கமராவை விடுவோம். விமான பிளக்கின் மரை 18 மில்லிமீற்றர், ஆகவே கமராத் தலை தாராளமாக உள்ளே போகும். ஒரு சிலிண்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிளக். முன் லென்ஸில் பிஸ்ரனும் சிலிண்டர்ச் சுவரும் வடிவாகத் தெரிகின்றன. கடற்காற்றுப் படுகிற இடத்தில் நின்ற விமானமென்றால் சுவரில் துருப் புள்ளிகள் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் நாங்கள் முக்கியமாகத் தேடுவது எக்ஸோஸ்ற் வால்வை, அதாவது எரிந்த புகை வெளியேறுகிற வால்வை. அது பிளக் துளை இருக்கிற அதே சிலிண்டர்த் தலைப் பக்கத்தில் இருப்பதால், உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். பக்க லென்ஸ் இல்லாத மலிவு மொடலை வாங்கினால் இந்த வேலைக்குக் காசு வீண்.

நல்ல எக்ஸோஸ்ற் வால்வு, சட்டியில் சரியாக வெந்த அப்பம் மாதிரி. நடுவில் இருந்து ஓரம் வரை வட்டம் வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக நிறம் மாறும். எரியத் தொடங்கிய வால்வில் ஓரத்தின் ஒரு பக்கம் மட்டும் வேறு நிறத்தில், பல நேரம் பச்சை சாய்ந்து நிற்கும். வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை, மூடியிருக்கும்போது தான் வந்து அமருகிற சீற் என்ற வளையம் வழியாகத்தான் இறக்குகிறது. ஓரிடத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த இடத்தால் நெருப்புக் காற்று ஒழுகி, அங்கேயே மேலும் சுடும். இந்தக் கமராவின் பெரிய குறை இங்கேதான். லைற் நீலம் அடிக்கிறது, நிறத்தையும் கமரா தன்பாட்டில் மாற்றுகிறது. பச்சையா பழுப்பா என்று சத்தியம் பண்ண முடியாது. வட்டம் கோணியிருப்பது மட்டும் ஏமாற்றாமல் தெரிகிறது. ஆகவே நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கோ. சந்தேகமென்றால் நல்ல கருவியோடு உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கோ.

கொம்பிரசன் ரெஸ்ற் இருக்கத்தானே என்று கேட்பீர்கள். சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ அமுக்கத்தில் காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்போம். சைலன்சரில் 'சிஸ்' என்று கேட்டால் ஒழுகுவது எக்ஸோஸ்ற் வால்வு, ஒயில் ஊற்றுகிற வாயில் கேட்டால் பிஸ்ரனைச் சுற்றியிருக்கிற றிங். ஆனால் அந்த எண் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். விமான எஞ்சின் செய்கிற கொன்ரினென்ரல் கொம்பனியே 2003இல் விட்ட அறிவித்தலில், அந்த ரெஸ்றோடு கமராவாலும் பார்க்கச் சொல்லிவிட்டது.

இது பார்க்க முடியாத இடமும் உண்டு. லைகோமிங் என்ற மற்றக் கொம்பனியின் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கிற கம்ஷாவ்ற் மேலே இருக்கிறது. ஓடாமல் நின்றால் அதிலிருந்து ஒயில் வடிந்துபோய்த் துருப்பிடிக்கும், பிளக் துளையால் அது தெரியாது. ஒயில் பில்ற்றரை வெட்டி இரும்புத்தூள் இருக்கிறதா என்று தேடுவதுதான் வழி. நின்ற எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டால் துருப்பிடிக்காது என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். இருக்கிற ஒயிலும் வழிக்கப்பட்டுப் போகும், பறந்து எஞ்சின் சூடேறினால்தான் பலன் உண்டு.

பெட்டியில் வருகிற கண்ணாடியைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கோ. அது சும்மா கொழுவி நிற்கிற சாமான். சிலிண்டருக்குள் கழன்று விழுந்தால், ஐயாயிரம் ரூபாக் கமராவுக்காக ஒரு சிலிண்டரையே கழற்ற வேண்டி வரும்.

வால்வு திறந்து மூடுவதைப் பார்க்கப் புறொப்பெல்லரைத் திருப்ப ஆசை வரும். திறப்பு (சாவி) ஓஃபில் இருக்கிறது என்று துணியவேண்டாம். பிளக்குக்குப் பொறி குடுக்கிற மக்னீற்றோவுக்கு பற்றரி தேவையில்லை, சுற்றினாலே மின் உண்டாகும். ஓஃப் பண்ணுவதென்றால் அதை ஒரு வயரால் எஞ்சின் உடம்போடு (எர்த்) இணைப்பதுதான். அந்த ஒரு வயர் அறுந்திருந்தால் மக்னீற்றோ எந்நேரமும் உயிரோடு இருக்கும், புறொப்பெல்லரைத் திருப்ப எஞ்சின் பற்றலாம். எல்லாப் பிளக்கும் கழற்றிய பிறகும் புறொப்பெல்லருக்கு மரியாதை குடுங்கோ.

படங்களைச் சேமிக்கிறது இதன் மிக நல்ல பலன். ஒரே வால்வை அடுத்த பரிசோதனையில் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும். பெயர் போடும்போது கவனம்: லைகோமிங்கில் ஒன்றாம் சிலிண்டர் வலப்பக்கம் முன்னுக்கு, கொன்ரினென்ரலில் வலப்பக்கம் பின்னுக்கு. போன் செயலி தொடர்பு எண்களை எல்லாம் கேட்கும், மறுத்தாலும் கமரா வேலை செய்கிறது.

கமரா இப்போது சுன்னாகத்தில்தான் நிற்கிறது. மச்சான் திருப்பித் தருகிற எண்ணத்தில் இல்லை. இரத்மலானைக்குப் போக முதல் இன்னொன்று வாங்க வேணும், கடைத் தம்பி விலையைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது.