காலாண்டு முடிவு அலர்ட் ஆப்: ஓராண்டு சந்தா கட்டியவன் சொல்கிறேன்

தொழில்நுட்ப நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளை உடனுக்குடன் அலசித் தரும் ஆப் ஒன்றுக்கு ஓராண்டு சந்தா கட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். முடிவு வெளியாகும் தேதியும் நேரமும் ஒருமுறைகூடத் தப்பவில்லை. நிர்வாகத்துடனான கான்ஃபரன்ஸ் காலின் முழு எழுத்து வடிவமும் அன்றைக்கே கிடைத்தது. அது உண்மையிலேயே நல்ல வேலை.

ஆனால் நான் பணம் கட்டியது அனலிஸ்ட், அதாவது நிறுவனங்களை ஆராய்ந்து பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று சொல்பவரின் கருத்துக்காக.

2024 ஆகஸ்ட் 28 அன்று சிப் நிறுவனமான என்விடியாவின் முடிவு வந்தது. காலாண்டு வருமானம் சுமார் 3,000 கோடி டாலர், முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 122 சதவீதம் அதிகம். நிறுவனமே முன்கூட்டிச் சொல்லியிருந்தது 2,800 கோடி. அனலிஸ்டுகளின் சராசரிக் கணிப்பு அதற்குக் கொஞ்சம்தான் மேலே. முதல் அலர்ட், 'எதிர்பார்ப்பை விஞ்சியது'. பங்கு இறங்கத் தொடங்கியதும் அதே கட்டுரையின் தலைப்பு 'முதலீட்டாளர்களுக்கு ஏமாற்றம்' என்று மாறியது. உள்ளே ஒரு எண்கூட மாறவில்லை. இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். மறுநாள் பங்கு 6 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. சந்தை இன்னும் அதிகமாக எதிர்பார்த்ததாம். அந்த 'இன்னும் அதிகம்' எவ்வளவு என்று முந்தின நாள் ஆப்பில் எங்கேயும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தானே சந்தா?

இலக்கு விலையும், அதாவது பங்கு எவ்வளவு வரை போகும் என்று அனலிஸ்டுகள் சொல்லும் விலையும், அப்படித்தான். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கு 2022 பிப்ரவரி 3 அன்று ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது. ஆப்பின் பழைய பதிவுகளைப் புரட்டினேன். விழுந்த பிறகு வரிசையாக இலக்கைக் குறைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஏறிய பிறகு உயர்த்தியிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்த பிறகு அணை போட்டு யாருக்கு என்ன பயன்?

இன்னொன்று எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. 2003இல் அமெரிக்காவில் 10 முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தன. நிறுவனங்களுக்குப் பங்கு வெளியிட உதவிக் கட்டணம் வாங்கும் தங்கள் முதலீட்டு வங்கித் தொழிலின் லாபத்துக்காக அனலிஸ்ட் அறிக்கைகளை வளைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்படியொரு வரலாறு இருக்கும்போது, பரிந்துரைப்பவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் என்ன தொடர்பு என்பதைப் பரிந்துரைக்குப் பக்கத்திலேயே போட வேண்டாமா? இந்த ஆப்பில் மூன்று பக்கம் தள்ளிப் பொடி எழுத்தில் இருக்கிறது.

இப்போது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் அறிக்கையையே படிக்கிறேன். அது இலவசம். முதலில் பணப்புழக்கம் (நிறுவனத்துக்கு உண்மையில் வந்த, போன பணம்), அப்புறம் ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுத்த சம்பளம். இந்த இரண்டாவது எண் எனக்கு வந்த ஒரு அலர்ட்டிலும் இருந்ததில்லை. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை, தேதி பார்க்க இலவசப் பிரிவே போதும்.