வாஷ், பவுடர், ஏர்பிரஷ்: மாடல் வேகனை எதைக் கொண்டு பழசாக்கலாம்?

பெட்டியிலிருந்து எடுத்த மாடல் ரயில் சரக்கு வேகன் எவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருந்தாலும், அந்தப் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும்: இது ஒரு நாள்கூட வெயில் மழையில் நின்றதில்லை. அதைப் பழசாக்கும் வெதரிங் வேலைக்கு மூன்று வழிகள் உண்டு. நிஜ வண்டியில் அந்த அழுக்கு எப்படி வந்து சேர்ந்ததோ, அதே போக்கில் நகரும் பொருளைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

வேகனின் பக்கச் சுவருக்கு வாஷ்தான். நீர்க்கக் கரைத்த எனாமலோ ஆயில் பெயின்டோ, மழைநீரைப் போலவே பலகை இடுக்கிலும் ரிவெட் தலையைச் சுற்றியும் தானாகப் போய்த் தங்கும். சற்று விட்டு, வைட் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைப்பான்) லேசாக நனைத்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். குறுக்கே ஒரே ஒரு இழுப்பு விழுந்தாலும் கண்ணை உறுத்தும். துரு கீழ்நோக்கித்தானே வழியும்! காய்வதற்குள் மனம் மாறினால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே, புதிதாக இறங்குபவர்களுக்கு நான் வாஷைத்தான் சொல்வேன். அக்ரிலிக் வாஷ் இவ்வளவு பொறுக்காது. சட்டென்று காய்ந்து ஓரத்தில் கறை வளையம் விட்டுவிடும். எனாமலோ ஆயிலோ பூசுமுன் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து நன்றாகக் காயவிட்டால் எழுத்தும் எண்ணும் தப்பிக்கும். ஆயில் காய நாள்கணக்கில் ஆகும், அவசரப்படக் கூடாது.

துரு வைக்கும்போது மாடல் எத்தனை மடங்கு சிறியது என்ற அளவை மறக்காதீர்கள். எச்ஓ (HO) அளவில் (1:87) 1 மி.மீ. புள்ளி, நிஜத்தில் 8.7 செ.மீ. ஓட்டை மாதிரி. ‘என்’ (N) என்னும் அளவில் (1:160) அதுவே 16 செ.மீ.

கூரையில் படிந்த கரிக்கும், போகியில் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) ஒட்டிய பிரேக் தூசிக்கும் நிறப் பவுடரை மிஞ்ச ஆளில்லை. வழுவழுப்பான பரப்பில் அது நிற்காது. பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் மேல் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சிக்கல் அதற்கப்புறம்தான். ஒரு வேகனின் கூரைக்கு வெளிர் சாம்பல் தூசியைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். மேலே வார்னிஷ் அடித்ததும் பாதி காணாமல் போயிற்று. மனசு விட்டுப்போயிற்று. இப்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கிறேன், கை படாத அடிப்பகுதியில் வார்னிஷே அடிப்பதில்லை. கை படும் இடத்தில் அடிக்காவிட்டால் விரல் ரேகை பதிந்துவிடும்.

தண்டவாளத்திலிருந்து எழும்பிச் சட்டகமெங்கும் படியும் புழுதிக்கு, காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ். பல வேகன்களை ஒரே மூச்சில் முடிக்கலாம். ஆனால் எல்லாம் ஒரே நாளில் அழுக்கானது போல ஆகிவிடும், அதனால் வண்டிக்கு வண்டி நிறத்தைச் சற்று மாற்றுங்கள். கம்ப்ரெசர், முகக்கவசம், காற்றோட்டமான இடம் என்று செலவும் இழுக்கும். நான் இதைக் கடைசி மெல்லிய பூச்சுக்கு மட்டுமே எடுக்கிறேன்.

எந்த வழியானாலும் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் ஓடுபரப்பை மறைத்துவிட்டு அடியுங்கள், முடிந்ததும் துடைத்துப் பாருங்கள். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இன்ஜினில் அங்கே பெயின்ட் ஒட்டியிருந்தால் வண்டி திக்கித் திக்கித்தான் ஓடும்.