தூக்கின ஹைலக்ஸ் கெப்புக்கு பட்டையும் ஷொக்கும்: அடிச்சு வளைக்கிறதா, ரிகண்டிஷனா, புது செட்டா?

நம்மகிட்ட இருக்கிறது டொயோட்டா ஹைலக்ஸ் எல்என் 106 டபுள் கெப் பிக்கப். 2.8 டீசல், முன்னுக்கு சொலிட் எக்ஸல், முன்னுக்கும் பின்னுக்கும் பட்டை ஸ்பிரிங். கந்தப்பளையில இருந்து லீக்ஸ், கரட், கோவா ஏத்திக்கிட்டு கிழமைக்கு ரெண்டு தடவ றம்பொடை எறங்கி கம்பளை, கண்டி வழியா தம்புள்ளைக்கு ஓடும், மத்த நாள்ல தோட்டத்து கல்லு ரோட்டுல உர மூட்டை, வெறகு, சில நேரம் ஆளுக. வாங்கும்போதே தூக்கித்தான் இருந்துச்சு. முந்தி வச்சிருந்தவங்க பின்னுக்கு எக்ஸலுக்கும் பட்டைக்கும் நடுவுல ரெண்டு இஞ்சி ப்ளொக் வச்சு, முன்னுக்கு பட்டை முனைய சேஸியோட கோக்கிற ஷெக்கல நீளமா போட்டு, பெரிய டயர் மாட்டி வச்சிருந்தாங்க. பாக்க அழகா இருந்துச்சு, அதுல ஒண்ணும் பொய் இல்ல.

ஆனா பட்டையும் ஷொக்கும் செத்துப்போச்சு. வெறும் கெப்பா நிக்கிறப்பவே பின் பட்டை வளைவே இல்லாம நேரா கெடந்துச்சு, 600 கிலோ ஏத்தினா எதிர்ப்பக்கமா வளைஞ்சு எக்ஸல் பம்ப் ஸ்டொப் றப்பர்ல போய் குத்தும். ஷொக் ஒடம்பெல்லாம் எண்ண வழிஞ்சு தூசி அப்பிப்போய், பள்ளத்துல விழுந்து எழும்பினா மூணு நாலு தரம் தொட்டிலாட்டம் ஆடும், டயர் அங்கங்க மேடு பள்ளமா தேஞ்சிருந்துச்சு. இதுக்கு என்ன பண்ணலாம்னு ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சு, ஒண்ண செஞ்சு பாத்து தோத்து, அப்புறம் இன்னொண்ண செஞ்சேன். இதே கெப், இதே ரோடு வச்சிருக்கிற நம்மாளுக நெறைய பேர் இருக்காங்க, 2020 மார்ச்சுல வாகனம் எறக்குறத நிப்பாட்டி அது திரும்ப தொறக்கவே 2025 ஆயிருச்சு, அதனால பழசத்தான் எல்லாரும் பாதுகாத்து ஓட்டிக்கிட்டு இருக்கோம், அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயத்த தெளிவாக்கிடுறேன், இதுல தான் காசு வீணாப்போகுது. ஷொக் பாரம் தூக்காது. பாரத்த தூக்குறது பட்டை மட்டும் தான், ஷொக் செய்யிறது அந்த பட்டை துள்ளுறத அடக்குறது, உள்ளுக்க இருக்கிற எண்ணைய சின்ன ஓட்டை வழியா தள்ளி அந்த துள்ளல சூடா மாத்தி வெளிய விடுறது. அதனால "அண்ணே பின்பக்கம் எறங்குது, ஸ்ட்ரோங்கான ஷொக் ஒண்ணு போடுங்க"ன்னு கேக்குறது சரிவராது. அதேமாதிரி புதுப்பட்டை போட்டுட்டு பழைய ஷொக்க அப்படியே விட்டா, புதுப்பட்டையோட வேகத்த பழைய ஷொக்கால புடிக்க முடியாது. ரெண்டையும் சேத்துத்தான் யோசிக்கணும்.

இனி பட்டைக்கு வர்றேன். மலிவான வழி பழைய பட்டைய கழட்டி அடிச்சு வளைச்சு எடுக்கிறது, லொறி பஸ்ஸுக்கெல்லாம் காலங்காலமா இப்படித்தான் செய்றாங்க. நானும் முதல்ல இதத்தான் செஞ்சேன். பட்டை அடிக்கிற மெக்கானிக் பாஸ் சம்மட்டியால ஒவ்வொரு பட்டையா தட்டி வளைச்சு, அடியில ஒரு பழைய லொறிப்பட்டையையும் வெட்டி சேத்து கட்டிக்குடுத்தாரு. போட்ட அன்னைக்கு கெப் நல்லா நிமுந்து நின்னுச்சு, எனக்கு அவ்வளவு சந்தோசம். நாலு மாசத்துல பாதி எறங்கிருச்சு, ஏழாவது மாசம் இராகலை பக்கம் ஒரு தோட்டத்து ரோட்டுல மெயின் பட்டை சென்டர் போல்ட் ஓட்டை கிட்ட படக்குனு ஒடைஞ்சுபோச்சு. லோட் ஏத்தாத நாள், மெதுவா போன நேரம், அதனால ஒண்ணும் ஆகல.

ஏன் அப்படி ஆச்சுன்னு பெறகு தான் வெளங்குச்சு. பட்டை எறங்குறது வெறும் வடிவம் மாறுனதால மட்டும் இல்ல, வருசக்கணக்கா வளைஞ்சு நிமுந்து இரும்பே களைச்சுப்போயிருக்கு. சும்மா பச்சையா தட்டி வளைச்சா வடிவம் வரும், வலு வராது. முறையா செய்யிறதுன்னா சூளையில செவக்க காய வச்சு, வளைச்சு, எண்ணையில போட்டு, திரும்ப அளவான சூட்டுல பதம் பாக்கணும். அந்த வசதி இருக்கிற எடத்துல செஞ்சா அது வேற கத, அது நல்லா ஓடும். ஆனா அப்பவும் கீறல் விழுந்த பட்டைய காய்ச்சி பிரயோசனம் இல்ல. அதோட வேற வாகனத்து பட்டைய உள்ளுக்க சொருகுறதுல ஒரு வில்லங்கம் இருக்கு, அதோட வளைவும் கனமும் மத்ததோட ஒட்டாட்டி அதோட நுனி எந்த எடத்துல முட்டுதோ அங்கயே பாரமெல்லாம் குவிஞ்சு மேல் பட்டை முறியும். வெல்டிங்னு யாராவது பேச்செடுத்தா கெப்ப திருப்பிக்கிட்டு வந்துருங்க.

ரெண்டாவது வழி கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளுக்கு எறங்கி ஜப்பான் ரிகண்டிஷன் பட்டை, அதாவது அங்க ஓடுன வாகனத்துல கழட்டுனது, எடுக்கிறது. இத நான் கொற சொல்ல மாட்டேன், நல்ல சாமான் கெடைச்சா அடிச்ச பட்டைய விட பத்து மடங்கு மேல், கம்பெனி பதம் அப்படியே இருக்கும். பாக்க வேண்டியது மூணு நாலு விஷயம் தான். பட்டை எத்தன எண்ணம், முனையில போல்ட் போற கண்ணு அளவு என்ன, அதுக்குள்ள போற புஷ் அளவு என்ன, எடது வலது ரெண்டும் ஒரே வளைவுல இருக்கா, அது ரொம்ப முக்கியம். தரையில ரெண்டையும் பக்கத்துல வச்சு நூல் கட்டி அளந்து பாருங்க. அப்புறம் துரு. ஜப்பான்ல பனி விழுற எடங்கள்ல ரோட்டுக்கு உப்பு போடுவாங்க, அந்தப்பக்கம் ஓடுன வாகனத்து பட்டைக்கு இடையில துரு குழி குழியா அரிச்சிருக்கும், வெளிய கறுப்பு பெயின்ட் அடிச்சிருந்தா தெரியாது. ஒவ்வொரு குழியும் நாளைக்கு ஒரு கீறல். கிளிப்ப கழட்டி இடைவெளிய பாக்க விடாத கடையில வாங்காதீங்க. இன்னொரு கொறை, இது தூக்காத உயரத்துக்கு தான் வரும், கெப் தூக்கியே இருக்கணும்னா திரும்ப ப்ளொக்குக்கும் ஷெக்கலுக்கும் தான் போகணும். ரிகண்டிஷன் ஷொக் மட்டும் எந்தக் காலத்துலயும் வேணாம், உள்ளுக்க இருக்கிற சீல் எத்தன வருஷம் பழசுன்னு யாருக்கும் தெரியாது.

ப்ளொக், ஷெக்கல பத்தி ஒரு வார்த்த. ரெண்டு இஞ்சி நீளமான ஷெக்கல் போட்டா உயரம் ஒரு இஞ்சி தான் கூடும், ஏன்னா பட்டையோட ஒரு முனைய மட்டும் தான் அது தள்ளுது, அதோட எக்ஸல் சொழண்டு காஸ்டர்ங்கிற ஸ்டியரிங் அச்சோட சாய்வு மாறி ஸ்டியரிங் குணமே மாறிரும். பின்னுக்கு ப்ளொக் வச்சா மேட்டுல முதல் கியர்ல ஏறும்போது எக்ஸல் முறுக்கிக்கிட்டு பட்டைய எஸ் மாதிரி மடிக்கும், நம்ம ஊர்ல மேடு இல்லாத ரோடு எங்க இருக்கு. ப்ளொக் மேல ப்ளொக் அடுக்குறதும், முன் எக்ஸலுக்கு ப்ளொக் வைக்கிறதும் உயிரோட வெளையாடுறது.

மூணாவது, தூக்குறதுக்குன்னே செஞ்சு வர்ற புதுப்பட்டை செட். ஆஸ்திரேலியாவுல இருந்து வர்ற ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டோக் இதெல்லாம் நம்மாளுகளுக்கு தெரிஞ்ச பேரு. வெல கூட, மறைக்கிறதுக்கு இல்ல. ஆனா உயரம் பட்டையோட வளைவுலயே வந்துருது, ப்ளொக் வேணாம், அதோட லோட் அளவ பாத்து வேற வேற விறைப்புல எடுக்கலாம். நெறைய பேர் தப்பு பண்றது இந்த எடத்துல தான். "எதுக்கும் ஹெவியா எடுப்போம்"னு எப்பவும் பாரம் ஏத்துற பட்டைய எடுத்துட்டு, வாரத்துல அஞ்சு நாள் வெறுமனே ஓட்டுவாங்க. வெறுங்கெப்புக்கு அந்த பட்டை மடங்கவே மடங்காது, மழையில றம்பொடை வளைவுல பின்பக்கம் பிடிப்பு இல்லாம எகிறி வழுக்கும். உங்க கெப் மாசத்துல எத்தன நாள் எவ்வளவு கிலோவோட ஓடுதுன்னு ஒரு கொப்பியில எழுதி பாருங்க, பெறகு வாங்குங்க. நான் எழுதி பாத்தேன், பாதி நாள் வெறுசு, பாதி நாள் 400ல இருந்து 600 கிலோ. அதனால நடுத்தர விறைப்பு எடுத்தேன், உயரம் ஒன்றரை இஞ்சி மட்டும்.

இப்ப பிரேக்க பத்தி சொல்லியே ஆகணும். பட்டை மாத்துற ஆளுக இத பாக்குறதே இல்ல. ஹைலக்ஸ்ல பின் எக்ஸலுக்கும் சேஸிக்கும் நடுவுல ஒரு கம்பி போகும், அது ஒரு வால்வுக்கு கட்டியிருக்கும். லோட் ஏத்துனா பின்பக்கம் எறங்கும், கம்பி நகரும், வால்வு "ஆ, பாரம் இருக்கு"ன்னு பின் பிரேக்குக்கு கூடுதல் அழுத்தம் விடும். வெறுசா இருந்தா கொறைச்சு விடும், இல்லாட்டி பின் சக்கரம் லொக் ஆகி சுத்திவிட்டுரும். கெப்ப ரெண்டு இஞ்சி தூக்கிட்டு இந்த கம்பிய அப்படியே விட்டா என்ன ஆகும்? லோட் நெறைய இருந்தாலும் வால்வுக்கு அது வெறுங்கெப்பா தான் தெரியும். பின் பிரேக் பாதி வேல தான் செய்யும், மிச்சமெல்லாம் முன் பிரேக் தலையில.

இத நான் பாடமா படிக்கல. ஒரு நாள் விடியக்காலம் கரட் மூட்டையோட றம்பொடை எறங்குறேன், பக்கத்துல மாமா. "தம்பி, ஏதோ கருகுற வாசம் வருதே"ன்னாரு. ஓரங்கட்டி பாத்தா முன் சக்கரம் ரெண்டுலயும் பொகை, பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது. ஒரு மணி நேரம் ஆற வச்சு, ரெண்டாவது கியர்லயே எறங்கினோம். முன் பிரேக்க தான் ரெண்டு கராஜ்ல மாத்தி மாத்தி பாத்தாங்க, யாருமே கம்பிய பாக்கல, மூணாவது எடத்துல ஒரு வயசான பாஸ் கெப்புக்கு அடியில படுத்த உடனே கேட்ட முதல் கேள்வி "இத தூக்கினப்ப இந்த வால்வ எறக்குனீங்களா?" அவ்வளவு தான் விஷயம். தூக்குன உயரத்துக்கு சரியா வால்வு பிரெக்கட்ட மாத்தணும், சில செட்டோடயே அந்த துண்டு வரும், வராட்டி கேட்டு வாங்குங்க. கம்பிய கழட்டி கட்டி விடுறதும், வால்வயே தூக்கி எறியிறதும் வேணாம், மழையில வெறுங்கெப் பின்பக்கம் இழுத்துட்டுப்போகும். பின் பிரேக் ஹோஸ் நீளம் போதுமான்னும் எக்ஸல தொங்க விட்டு பாருங்க.

ஷொக்குக்கு வர்றேன். கேவைபி கம்பெனியோட எக்ஸல்-ஜி மாதிரி இரட்டைக்குழாய் கேஸ் ஷொக் தூக்காத கெப்புக்கு நல்ல சாமான், வெலயும் தாங்கும், எங்கயும் கெடைக்கும். ஆனா தூக்குன கெப்புக்கு ஒரிஜினல் நீளத்து ஷொக் போட்டா சக்கரம் பள்ளத்துல எறங்குற நேரம் ஷொக் முழுசா நீண்டு டொக்குனு இழுபடும், கொஞ்ச நாள்ல உள்ளுக்க பிச்சுக்கும். பில்ஸ்டைன் மாதிரி ஒத்தைக்குழாய் ஷொக் சூட்ட நல்லா வெளிய தள்ளும், வேகமா ஓடுற ரோட்டுல அதோட பிடிப்பு அருமை. ஆனா அதுல வெளிக்குழாய்க்குள்ளயே பிஸ்டன் ஓடுது, ஒரு கல்லு எகிறி அடிச்சு நெளிஞ்சா பிஸ்டன் அங்க சிக்கும். நம்ம தோட்டத்து ரோட்டுல கல்லு எகிறாத நாள் இல்ல. இரட்டைக்குழாய்ல வெளிய நெளிஞ்சாலும் உள்குழாய் தப்பிக்கும்.

ஃபோம் செல்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இரட்டைக்குழாய் தான், உள்ளுக்க கேஸுக்கு பதிலா ஃபோம் இருக்கும், அதனால எண்ணையில காத்து கலந்து நொரைக்கிறது கொறையும், ஒடம்பும் தடிப்பு. அயர்ன்மேன்லயும் டஃப் டோக்லயும் இருக்கு. ஆஸ்திரேலியாக்காரங்க மணிக்கணக்கா வேகமா ஓடுற மண்ரோட்டுக்கு தான் ஒத்தைக்குழாயோட சூடு தாங்குற கொணம் உண்மையில தேவப்படும், நம்ம தோட்டத்துல மணிக்கு 15 கிலோமீட்டர் போனாலே பெருசு. அதனால எனக்கு கல்ல தாங்குற கொணம் தான் முக்கியமா பட்டுச்சு, ஃபோம் செல்லுக்கு போனேன், தூக்குன உயரத்துக்கு ஏத்த நீளத்துல. ரான்ச்சோ 9000 ஷொக்குல விறைப்ப ஒம்பது நெலையில திருகி மாத்தலாம், லோட் ஏத்துற நாளும் வெறுசா ஓடுற நாளும் பாதிப்பாதியா இருக்கிறவங்களுக்கு அது நல்ல யோசன தான், சேத்துல அந்த திருகு எறுகிப்போகாம பாத்துக்கிட்டா.

அப்ப யாருக்கு எது? தூக்காத கெப், லேசான பாரம், கையில காசு கொறைவுன்னா நல்ல ரிகண்டிஷன் பட்டையும் புது கேவைபியும் போதும், நான் அதையே சொல்வேன். மாசாமாசம் லோட் ஓடி சம்பாதிக்கிற தூக்குன கெப்புன்னா புது செட், சேத்து வச்சாவது. அதுவரைக்கும் ப்ளொக்கையும் நீள ஷெக்கலையும் கழட்டிட்டு ஒரிஜினல் உயரத்துலயே ஓட்டுங்க.

மாட்டும்போது ரெண்டு விஷயத்துக்கு பாஸ் பக்கத்துலயே நில்லுங்க. பட்டைய எக்ஸலோட சேத்து இறுக்குற யூ போல்ட் புதுசா இருக்கணும், ஒரு தரம் இறுக்கினது இழுபட்டிருக்கும், அத திரும்ப போடக்கூடாது. றப்பர் புஷ் போல்ட்ட கெப் ஜெக்குல தொங்குற நேரம் இறுக்கிட்டா எறக்கினதும் றப்பர் முறுக்குலயே நின்னு சீக்கிரம் கிழியும், நாலு சக்கரமும் தரையில பாரத்தோட நிக்கும்போது தான் கடைசி இறுக்கு. யூ போல்ட்ட கொஞ்ச நாள் ஓடினதும் திரும்ப இறுக்கணும், நான் தம்புள்ளைக்கு ஒரு தரம் போய் வந்ததுமே கொண்டுபோனேன், நாலுலயும் கால் சுத்து போச்சு.

போட்ட அன்னைக்கே பின் சக்கர நடுவுல இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து கதவு உள்பக்கம் மார்க்கரால எழுதி வச்சேன். எட்டு மாசம் ஆச்சு. போன ஞாயித்துக்கெழம அளந்தா வலது பக்கம் 9 மில்லிமீட்டர், எடது பக்கம் 8 மில்லிமீட்டர் எறங்கியிருக்கு, புதுப்பட்டை படியிற அளவு தான் அது. அடிச்ச பட்டை நாலாவது மாசத்துலயே ஒரு இஞ்சிக்கு மேல எறங்கியிருந்துச்சு.