பத்து அடி பிளாஸ்டிக் மரமும் மணக்குடிக் கொடுவாவும்: பத்து மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகு) நல்ல கயாக். அதோடு சேர்த்து நான் வாங்கிக் குவித்த தூண்டில் சாமான்களில் பாதி தண்டம். கயாக்கை நேரில் போய் ஏறி உட்கார்ந்து பார்த்து வாங்கினேன், சாமான்களை வீடியோ பார்த்து வாங்கினேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

வீடியோவில் அமெரிக்காக்காரன் பிடிப்பது லார்ஜ்மவுத் பாஸ். அது ஏரியிலும் குளத்திலும் கிடக்கிற மீன், இரண்டு கிலோ வந்தாலே அவன் கயாக்கில் உட்கார்ந்து கூத்தாடுவான். நம் ஊர் ஓட்டல் மெனுவில் சீ பாஸ் என்று போடுவது கொடுவாவை. கேரளா எல்லை பக்கம் காளாஞ்சி என்பார்கள். பெயரில் பாஸ் ஒட்டிக்கொண்டிருப்பதைத் தவிர இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனால் குணம் ஒன்றுபோல இருக்கும். கல்லு, வேர், பாலத்தூண் என்று எதையாவது ஒட்டி மறைந்து நின்று, பக்கத்தில் வருகிற இரையை வாயைத் திறந்து ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் பாஸ் பிடிக்கிற முறை இங்கேயும் செல்லும், பாஸ் பிடிக்கிற சாமான் செல்லாது. இது புரிய எனக்கு ஆறு மாதமும் கொஞ்சம் பணமும் ஆனது.

சரி, கயாக்குக்கு வருவோம். பத்து அடி நீளம், 33 அங்குல அகலம், 28 கிலோ. பாலிஎத்திலீனை அச்சில் போட்டுச் சுழற்றி ஒரே வார்ப்பாக எடுத்தது, ஒட்டு எங்கேயும் கிடையாது. உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகை இல்லை, மேலே உட்காரும் வகை. அடியிலிருந்து மேல்தட்டுக்கு ஊடுருவிப் போகும் ஆறு ஓட்டைகள் இருக்கும், அலை ஏறி விழுந்தாலும் தண்ணீர் அது வழியாகத் தானே வடிந்துவிடும். கொச்சி பக்கம் ஒரு கடையில் 41 ஆயிரத்துக்கு வாங்கி, வேகன் ஆர் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தேன். கம்பெனிப் பெயரைக் கேட்காதீர்கள், கீழே குறையும் சொல்லப்போகிறேன்.

முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் கீழ மணக்குடிப் பக்கம் இறக்கும்போது வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "மக்களே, இது நம்ம மரமாக்கும். பிளாஸ்டிக்குல செஞ்சு ஒனக்கு வித்திருக்கான்" என்றார். கட்டுமரத்தை இங்கே வெறும் மரம் என்றுதான் சொல்வார்கள். அவர் சொன்னது சரிதான். தடிகளைச் சேர்த்துக் கட்டி, இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிய விட்டு, மேலே உட்கார்ந்து துழாவிப் போவதைத்தானே நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். 41 ஆயிரம் என்று விலை சொன்னதும் அவர் எதுவும் பேசாமல் வலைப்பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

அகலம்தான் இதன் பலம். 30 அங்குலத்துக்குக் கீழே போனால் வேகம் கிடைக்கும், மீனை இழுக்கும்போது வயிற்றைக் கலக்கும். 33இல் பக்கவாட்டில் சாய்ந்து மீனைத் தூக்கும்போதும் பயமில்லை. அதற்குப் பதிலாக வேகத்தை மறந்துவிட வேண்டியதுதான், துடுப்பு போடப் போட மூக்கு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போகும். பழையாறு கடலில் சேரும் காயலுக்குள் சுற்றுவதற்கு இது போதும். கடலுக்குள் போக ஆசையிருந்தால் 12, 13 அடி நீளத்தில் பாருங்கள். நான் போகவில்லை, போகவும் மாட்டேன். எழுந்து நின்று தூண்டில் வீசலாம் என்று கடைக்காரர் சொன்னார். தண்ணீர் சும்மா கிடக்கும்போது நின்று பார்த்தேன், முடிகிறது. பொழி (ஆறு கடலில் சேரும் மணல் வாய்) திறந்து அலை உள்ளே வரும் நாளில் நின்றால் நேராகத் தண்ணீருக்குள்தான்.

தாங்கும் எடை 150 கிலோ என்று எழுதியிருக்கிறது. நான் 84, சாமான் ஒரு 15. இதற்கே பின்பக்க ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே எட்டிப் பார்த்து உட்காரும் இடத்தை நனைக்கிறது. எழுதியிருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகள். இருக்கையைப் பிடிக்கும் கொக்கிகள் பித்தளை மாதிரி தெரிந்தன, மூன்றாம் மாதமே துரு காட்டிக்கொடுத்துவிட்டது. முன்பக்கச் சாமான் அறையின் மூடி தண்ணீர் புகாது என்றார்கள், புகுகிறது, போனை அதில் வைத்த அறிவாளி நான்தான். கூடவே கொடுத்த துடுப்பு 220 சென்டிமீட்டர், இந்த அகலத்துக்குக் குட்டை, ஒவ்வொரு போடுக்கும் கைவிரல் முட்டி கயாக்கின் ஓரத்தில் இடிக்கும். 240 தனியாக வாங்கினேன். பழைய துடுப்பு அலுமினியத் தண்டு, நடுவில் இரண்டாகக் கழற்றலாம், அதாவது உப்பு உள்ளே போகும்வரை கழற்றலாம். இப்போது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தாலும் வராது. நல்ல தண்ணீரில் கழுவிக் கழற்றி வைக்காதது என் தப்பு, ஆனால் ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

இனி தண்டச் செலவு. பாஸ் என்றால் பெய்ட்காஸ்டர் ரீல்தான் என்று எல்லா வீடியோவிலும் அடித்துச் சொன்னதால் அதையே வாங்கினேன். ரீல் என்றால் நூல் சுற்றும் உருளை. இந்த வகை ராடுக்கு (தூண்டில் கம்புக்கு) மேலே உட்காரும், பார்க்க அழகு. வீசும்போது சுருள் சுற்றுகிற வேகத்தைக் கட்டைவிரலால் அடக்கத் தெரிய வேண்டும். லூர் (செயற்கை இரை) காற்றில் வேகம் குறைந்த பிறகும் சுருள் சுற்றிக்கொண்டே இருந்தால் நூல் உள்ளுக்குள் பந்தாகச் சிக்கிக்கொள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது. அந்தக் காற்றுக்கு எதிராக 10 கிராம் லூரை வீசினால் மூன்று வீச்சில் ஒரு சிக்கு. ஆடும் கயாக்கில் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சிக்கெடுத்துக்கொண்டே அந்தப் பக்கம் எங்கேயோ மிதந்து போயிருப்பேன். இப்போது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல்தான். சிக்கு இல்லை, உப்புத் தண்ணீருக்கென்று அடைப்பு வைத்தது கிடைக்கிறது, புதிதாகப் பழகுகிறவருக்கும் ஒரு மணி நேரத்தில் கை வந்துவிடும்.

ராடு ஏழு அடி, மீடியம் ஹெவி, அதாவது கொஞ்சம் விறைப்பான வகை. இந்த ஒன்றை வீடியோக்காரன் சரியாகச் சொன்னான். கயாக்கில் குட்டை ராடு வசதி என்று தோன்றும். ஆனால் மீன் இந்தப் பக்கமிருந்து மூக்கைச் சுற்றி அந்தப் பக்கம் ஓடும்போது ராடின் நுனி மூக்கைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் நூல் கயாக்கில் உரசி அறும். வாங்கும்போது கைப்பிடியின் அடிப்பாகம் நீளமா என்றும் பாருங்கள். உட்கார்ந்து பிடிக்கும்போது நீளக் கைப்பிடி லைஃப் ஜாக்கெட்டில் போய்ப் போய் மாட்டும்.

லீடர், அதாவது முக்கிய நூலின் முனையில் கட்டும் தனித் துண்டு நூல்தான் பெரிய பாடம். பாஸுக்கு 15 பவுண்டு புளூரோகார்பன் லீடர் போதும் என்றார்கள், போட்டேன். ஐப்பசியில் பொழி திறந்திருந்த ஒரு காலை, தண்ணீர் வற்றத்தில் கடல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வராது, ஆனால் அந்தக் கொஞ்ச வற்றத்திலேயே இறாலும் மடவைக் குஞ்சும் பாலத்தூண்களைக் கடந்து அடித்துக்கொண்டு வரும், கொடுவா தூணுக்குப் பின்னால் காத்து நிற்கும். (2004 சுனாமியில் பழைய பாலம் அடித்துக்கொண்டு போனதே, அந்த இடம்தான். இப்போது நிற்பது பிறகு கட்டியது.) லூர் தூணைத் தாண்டியதும் மீன் ஒரு அடி அடித்தது. ராடு வளைந்தது, கயாக்கின் மூக்கு தானாக மீன் பக்கம் திரும்பியது, என்னையும் கயாக்கையும் சேர்த்துத் தூணை நோக்கி இழுத்தது. ஒருமுறை தண்ணீருக்கு மேலே முழுசாக எழும்பித் தலையை உதறியது. அவ்வளவுதான், நூல் தொய்ந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் லீடரின் முனை உப்புத்தாளில் தேய்த்தது போல நார் நாராக இருக்கிறது. கொடுவாவின் வாய் ஓரம் அப்படி, செவுள் மூடியின் விளிம்பு அதைவிட மோசம், கத்தி. கரையில் வந்து சொன்னபோது அதே பெரியவர், "தையல் நூல்ல கட்டுனா நிக்குமா மக்களே" என்றார்.

இப்போது 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), அதாவது 13 கிலோவுக்குச் சற்று மேல் தாங்கும். அதன் முனையில் ஒரு கை நீளத்துக்கு 40 பவுண்டு லீடர். தூணுக்குப் பக்கத்தில் என்றால் 50. பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு, வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பழகுங்கள், கயாக்கில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டிராகை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்கை) நூல் தாங்கும் எடையில் கால் பங்குக்கு வைக்கிறேன். கயாக்கும் கூட இழுபட்டு வருவதால் மீன் கரையில் களைப்பதைவிடச் சீக்கிரம் களைக்கும். அது வசதி. தூண் பக்கம் இழுபடுவது வசதி இல்லை, அதனால் முதல் இரண்டு நிமிடம் ராடை ஒரு கையில் பிடித்து மறு கையால் பின்னோக்கித் துடுப்பு போடுவேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

லூர் விஷயத்தில் பெட்டி நிறைய வாங்கினேன், வேலை செய்வது இரண்டு. நாலு அங்குல வால் ஆட்டும் ரப்பர் மீன், 14 கிராம் ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த கொக்கியில்). அப்புறம் பத்து சென்டிமீட்டர் மின்னோ (சின்ன மீன் வடிவக் கெட்டி லூர்), ஆனால் அதோடு வரும் மூன்று முனைக் கொக்கிகள் நன்னீர் மீனுக்கானவை, இரண்டாவது கொடுவா ஒன்றை நிமிர்த்தியே விட்டது. தடித்த ஒற்றைக் கொக்கியாக மாற்றினேன். வலையிலும் சட்டையிலும் மாட்டுவது குறைந்தது, மீனை விடுவதும் சுலபம். தவளை லூர் ஐந்து வாங்கினேன், அது பாசி மூடிய குளத்தில் விராலுக்கு. கயாக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும், உயிர் இறாலுக்கு முன்னால் எந்த ஜப்பான் லூரும் கைகட்டித்தான் நிற்கும்.

லைஃப் ஜாக்கெட்டுக்கு மட்டும் விலை பார்க்காதீர்கள். முதுகுப்பக்கப் பஞ்சு மேலே ஏறியிருக்கும் கயாக் வகை வாங்குங்கள், சாதா வகை இருக்கையில் இடித்துக் கழுத்தைத் தூக்கும். 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீச்சல் தெரிந்தவரை மிதக்க வைக்கும், மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. நீச்சல் தெரியாதவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், கையில் பிடிக்கிற எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டிவையுங்கள். என்னுடைய இரண்டு குறடும் ஒரு மீன் பிடிக்கிற இடுக்கியும் காயலின் அடியில் இருக்கின்றன.

எங்கே இறக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: பேச்சிப்பாறை அழகுதான், ஆனால் சுற்றிக் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். சுசீந்திரம் தேரூர்க் குளம் 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் வந்த பறவைகள் இடம், அங்கே வேண்டாம். மணக்குடியிலும் வலை கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அடுப்பு எரிகிற விஷயம். கேட்டுவிட்டு இறக்கினால் எங்கே மீன் நிற்கிறது என்பதையும் அவர்களே சொல்லுவார்கள். ஆனி, ஆடியில் கயாக்கை வீட்டிலேயே வையுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் 28 கிலோ பிளாஸ்டிக் எம்மாத்திரம்.

பத்து மாதத்தில் கொடுவா ஐந்து. பெரியது மூன்றே கால் கிலோ, மாங்காய் போட்டுத் தேங்காய் அரைத்து வைத்த குழம்பு மறுநாள் காலை தோசைக்கும் வந்தது. அதைவிடப் பெரியது ஒன்று வந்தால் விட்டுவிடுவதாக இருக்கிறேன். கொடுவா முதலில் ஆணாக இருந்து வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும், முட்டையிடுகிற பெரிய மீனைக் கொல்ல மனம் வரவில்லை. இப்படிச் சொன்னதற்கு வீட்டில், "வந்தா பாக்கலாம்" என்று பதில் வந்தது.

இதே கயாக்கை மறுபடி வாங்குவேனா என்றால் வாங்குவேன், துடுப்பும் இருக்கையும் வேண்டாம் என்று விலையைக் குறைத்து. பெய்ட்காஸ்டர் பெட்டியோடு அப்படியே இருக்கிறது, தவளை ஐந்தும் பிரிக்கவே இல்லை. விரால் பிடிக்கிறவர்கள் யாராவது இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பாதி விலைக்குத் தருகிறேன், நாகர்கோவிலில் நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.